தண்ணீர் இல்லாத ஆற்றை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் டாட் என்று ஓர் ஆறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணல்தான். 1962-இலிருந்து அந்த மணலில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடிப்பாகம் இல்லாத படகுக்குள் நின்று, படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 1993-இல் போட்டியை ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஊர்க்காரர்களுக்கு அது எப்போதுமே ஆறுதான். தண்ணீர் இருந்தாலும் ஆறு, மணல் பறந்தாலும் ஆறு. ஆனால் இதே போன்ற ஓர் ஆற்றை பலர் இணையத்தில் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற கூட்டு வரைபடத்தில் வரையும்போது குழப்பம் தொடங்கிவிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரியவில்லையே என்று ஒருவர் அதை மணல்வெளி என்று குறிக்கிறார். அது ஆறு அல்லவா என்று இன்னொருவர் மேலேயே நீலத்தைப் பூசுகிறார். ஒரே இடத்தில் இரண்டு பரப்புகள் இருக்கக் கூடாது என்று மூன்றாமவர் வந்து ஒன்றை அழிக்கிறார். மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். இந்த விவாதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துவதால் வரும் சண்டை அது. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து மிரண்டு, ஆறுகள் பக்கமே போகாமல் கட்டடம், சாலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

ஆறு என்பது தண்ணீரா, தடமா?

ரயில் தண்டவாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டே வண்டிகள் போகும் தடமாக இருக்கலாம். மீதி நேரமெல்லாம் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக அங்கே ரயில்பாதை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வண்டி வேறு, தடம் வேறு. அடுத்த வண்டி எந்த வழியாக வரப்போகிறது என்பதை அந்தக் காலித் தடம் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆறும் அப்படித்தான். மேட்டிலிருந்து இறங்கும் நீர் கரையை அரிக்கிறது, கூழாங்கல்லை உருட்டுகிறது, வளைவின் உட்பக்கம் மணலைக் கொட்டுகிறது. இப்படி நிலத்தில் ஒரு வடிவம் செதுக்கப்படுகிறது. நீர் வடிந்த பிறகும் வடிவம் அங்கேயே நிற்கும். அடுத்த மழையின் நீரும் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் வரும். மேலே காய்ந்து கிடக்கும் பல ஆறுகளில் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் ஊறிவிடும்.

தமிழில் யோசித்தால் இது இன்னும் எளிது. ஆறு என்ற சொல்லுக்கு வழி என்ற பொருளும் பழங்காலத்திலிருந்தே உண்டு. ‘அவ்வாறு’, ‘இவ்வாறு’ என்று தினமும் எழுதுகிறோமே, அதற்குள் இருப்பது அந்த ஆறுதான். நீர் போகும் வழிதான் ஆறு. வரைபடத்தில் நாம் குறிக்க வேண்டியதும் முதலில் அந்த வழியைத்தான். தண்ணீர் எப்போது இருக்கும் என்பது அந்த வழியைப் பற்றிய ஒரு தகவல்.

வற்றுகிற ஆறு ஏதோ அபூர்வமான விஷயம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, உலகின் ஆறுகள், ஓடைகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறது. பாதிக்கும் மேல்! ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதுதான் சரியான ஆறு, மற்றதெல்லாம் குறைபாடு என்று நினைத்துக்கொண்டு வரைந்தால், உலகத்தின் பாதி ஆறுகளைத் தப்பாக வரைவோம்.

நீரியல் படித்தவர்கள் இவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள். எப்போதும் ஓடுவது வற்றாத ஆறு. சில மாதங்கள் ஓடி, சில மாதங்கள் நின்றுபோவது இடைவிட்டு ஓடும் ஆறு. மழை கொட்டிய பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் ஓடுவது காட்டாறு. வரைபடத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் தேடி அலைய வேண்டாம். பின் இரண்டையும் ஒரே குறிச்சொல் பார்த்துக்கொள்ளும்.

குறிச்சொல் என்றால் என்ன?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கியது. திரையில் நாம் பார்க்கும் வண்ணப் படம் அதன் ஒரு முகம் மட்டுமே. உள்ளே இருப்பது ஒரு தரவுத்தளம், அதாவது இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்ற கோடிக்கணக்கான பதிவுகளின் தொகுப்பு. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தத் தொகுப்பில் மூன்று வகைப் பொருள்கள்தான் உண்டு. ஓர் இடத்தைக் காட்டும் புள்ளி. புள்ளிகளை வரிசையாகக் கோத்த கோடு. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால் அதையே பரப்பாக எடுத்துக்கொள்ளலாம். பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கும் உறவு.

இவற்றின் மேல் ஒட்டும் சீட்டுதான் குறிச்சொல். அலமாரியில் வரிசையாக டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ‘வகை: இது’, ‘வாங்கிய நாள்: இது’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறோம். சீட்டில் இடப்பக்கம் இருப்பது கேள்வி, வலப்பக்கம் இருப்பது பதில். குறிச்சொல்லும் அப்படியே: ஒரு கேள்வி, சமக்குறி, ஒரு பதில். தரவுத்தளத்தில் இவை ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அதே ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ‘வாட்டர்வே=ரிவர்’ என்றால், எந்த வகை நீர்வழி என்ற கேள்விக்கு ஆறு என்ற பதில். ‘நேச்சுரல்=சாண்ட்’ என்றால், இங்கே இயற்கையாக இருப்பது என்ன என்ற கேள்விக்கு மணல் என்ற பதில்.

ஒரு பொருளில் ஒரு கேள்வி ஒரே ஒரு முறைதான் வர முடியும். ஆகவே ஒரு பரப்பின் மேல் ‘நேச்சுரல்=சாண்ட்’ என்று எழுதிவிட்டால், அதே பரப்பில் ‘நேச்சுரல்=வாட்டர்’ என்றும் எழுத இடம் கிடையாது. இயற்கை அம்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். அரைப்புள்ளி போட்டு ‘சாண்ட்;வாட்டர்’ என்று ஒட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். தரவைப் படிக்கும் நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது மணலாகவும் தெரியாது, நீராகவும் தெரியாது.

இதுவரை: ஆறு என்பது நீரின் வழி. வரைபடம் என்பது பதிவுகளின் தொகுப்பு. ஒரு பதிவில் ஒரு கேள்விக்கு ஒரு பதில்.

வற்றும் ஆற்றுக்கு உரிய சீட்டு

முதலில் கோடு. ஆற்றின் நடுவாக, நீர் போகும் திசையிலேயே வரைய வேண்டும். கோட்டுக்குத் திசை உண்டு. முதல் புள்ளி மேலே, கடைசிப் புள்ளி கீழே. படுகை காய்ந்திருந்தாலும் இந்த விதி மாறாது. தண்ணீரே இல்லாமல் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகள் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் கிளை ஓடைகள் வந்து சேரும் இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் கூரிய கோணத்தில் சேரும். அந்தக் கூர்முனை நீர் போகும் பக்கத்தைக் காட்டும். ஒரே ஓர் இடத்தை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து சங்கமங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

கோட்டுக்கு ‘வாட்டர்வே=ரிவர்’ போடுவதா, ‘வாட்டர்வே=ஸ்ட்ரீம்’ போடுவதா? ஆறா, ஓடையா என்ற கேள்வி இது. நல்ல திடகாத்திரமான ஒருவர் தாண்டிக் குதித்துவிடக்கூடிய அகலம் என்றால் ஓடை, அதற்கு மேல் ஆறு என்பது பழகிப்போன அளவுகோல். தண்ணீர் இல்லை என்பதற்காக ஆற்றை ஓடையாக இறக்கிவிடக் கூடாது. நூறு மீட்டர் அகல மணற்படுகை ஓடை ஆகாது.

அப்புறம்தான் இங்கே முக்கியமான சீட்டு: ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’. இங்கே எப்போதும் நீர் இருக்காது என்பது மட்டுமே இதன் பொருள். எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அது கேட்பதில்லை. ஓட்டம் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்து போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், ‘சீசனல்’ என்ற கேள்வியையும் சேர்க்கலாம். மழைக்காலத்தில் நீர் இருக்கும், கோடையில் இருக்கும் என்றெல்லாம் அதில் சொல்ல முடியும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊகித்து எழுதிய பருவத்தைவிட, எழுதாத பருவம் மேல்.

இந்தச் சீட்டு ஒட்டிய கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான படம் விட்டுவிட்டு வரும் நீலக் கோடாகக் காட்டும். அச்சடித்த பழைய நிலவரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

பழைய தரவில் ‘வாட்டர்வே=வாடி’ என்று ஒன்று கண்ணில் படலாம். வாடி அரபுச் சொல். பாலைவனத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் ஆற்றுத்தடத்தையும் குறிக்கும், பள்ளத்தாக்கையும் குறிக்கும். அதனால் சிலர் ஆற்றுக்குப் போட்டார்கள், சிலர் பள்ளத்தாக்குக்குப் போட்டார்கள். ஒரே சீட்டு, இரண்டு வேறு பொருள். அதனால்தான் அதை இப்போது பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பழைய வாடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால்தான் அது ஆறா, பள்ளத்தாக்கா என்று தெரியும்.

இரு கரைக்கு நடுவே

அகலமான ஆற்றுக்குக் கோடு மட்டும் போதாது, பரப்பும் வேண்டும். பரப்புக்கு ‘நேச்சுரல்=வாட்டர்’, அதோடு ‘வாட்டர்=ரிவர்’. முன்பு இதற்கு ‘வாட்டர்வே=ரிவர்பேங்க்’ என்று போடுவார்கள்; பழைய வேலைகளில் இன்னும் தென்படும். வற்றும் பரப்பு என்றால் இதிலும் ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ சேரும். பரப்பு வந்துவிட்டது என்று கோட்டை அழித்துவிடக் கூடாது. நீர் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்று பரப்பு சொல்கிறது. எங்கிருந்து எங்கே போகிறது என்று கோடு சொல்கிறது. ஆற்றின் பெயர் கோட்டில் இருப்பதே வழக்கம்.

பரப்பின் ஓரத்தை எங்கே நிறுத்துவது? வழக்கமாக ஆற்றில் நீர் வரும்போது எதுவரை நனைகிறதோ அதுவரை. எப்போதோ ஒரு பெருவெள்ளம் வயலையும் தெருவையும் மூழ்கடித்த எல்லையை ஆற்றின் பரப்பாக வரையக் கூடாது.

கொஞ்சம் சிக்கலான ஆறு ஒன்றைப் பார்ப்போம். இத்தாலியின் வடகிழக்கில் டாலியமெண்டோ என்று ஓர் ஆறு. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. நடுப்பகுதியில் அது ஒற்றை ஓட்டமாகப் போவதில்லை. அகன்ற வெள்ளைக் கூழாங்கல் படுகையில் பல இழைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, பின்னிய சடைபோலப் போகிறது. இப்படிப்பட்டதைப் பின்னல் ஆறு என்பார்கள். வெள்ளம் வந்தால் இழைகள் இடம் மாறும். நடுவில் புதர் மண்டிய சிறு தீவுகள் இருக்கும்.

இதை வரைய உட்கார்ந்தால் என்ன செய்வது? எப்போதும் நீர் ஓடும் இழைகள் இருந்தால், அவை சாதாரண நீர்ப்பரப்பு. வெள்ளத்தில் மட்டும் நனையும் படுகை, வற்றும் நீர்ப்பரப்பு. காய்ந்த காலத்தில் அங்கே கிடப்பது கூழாங்கல்; அதற்கு ‘நேச்சுரல்=ஷிங்கிள்’. தீவு நீரில் மூழ்காவிட்டால் அது நீர்ப்பரப்பில் ஒரு ஓட்டை. முற்றம் வைத்துக் கட்டிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம் வீட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது, ஆனால் கூரையில் சேர்த்தி இல்லை. இப்படி ஓட்டை விட்ட பரப்பை வரைய உதவும் உறவுக்குப் பெயர் மல்டிபாலிகன். வெளிக்கோட்டுக்கு அவுட்டர் என்றும், ஓட்டையின் கோட்டுக்கு இன்னர் என்றும் பங்கு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கத்தான் பயமாக இருக்கும், நாலு முறை செய்தால் கை பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அடிக்கடி இடம் மாறும் இழையை மீட்டருக்கு மீட்டர் துல்லியமாக வரைய மெனக்கெட வேண்டாம். அடுத்த வெள்ளம் அதை மாற்றிவிடும். அந்த உழைப்பைக் கரையின் மேல் செலவழித்தால் நீண்ட நாள் நிற்கும்.

ஒன்றன்மேல் ஒன்று: எது சரி, எது தப்பு?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். மணல் பரப்பும் வற்றும் நீர்ப்பரப்பும் ஒரே இடத்தில் கிடக்கலாமா? இதில்தான் அதிகம் வாதாடுகிறார்கள். ‘பரப்புகள் மேலே மேலே வரக் கூடாது’ என்று ஒரு விதி இருப்பதுபோல் பலர் பேசுகிறார்கள். அப்படிப் பொத்தாம்பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரே அம்சத்தை இரண்டு முறை பதியக் கூடாது என்பதுதான் உண்மையான விதி. இரண்டும் ஒன்றல்ல.

வகுப்பறைச் சுவரில் மாட்டிய கால அட்டவணையைப் பாருங்கள். ஒரே அறை, காலையில் ஒரு வகுப்பு, மாலையில் வேறு வகுப்பு. ஒரே அறைக்கு இரண்டு பெயர்கள் எழுதியிருக்கிறதே, தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நேரம் வேறு. ஆனால் ஒரே மணிக்கு இரண்டு வகுப்புகள் எழுதியிருந்தால் அது பிழை. வரைபடத்துக்கும் இந்தக் கேள்வியே போதும்: இந்த இரண்டு பதிவுகளும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் மோதல். ஒன்றுக்காவது இல்லை என்றால், அது வெறும் மேற்படிதல், அப்படியே இருக்கலாம்.

மணலும் வற்றும் நீரும் நேரத்தால் வேறுபடுகின்றன. காய்ந்திருக்கும்போது மணல், நீர் வரும்போது நீர். வற்றும் என்ற சீட்டு ஒட்டியிருப்பதால் நீர்ப்பரப்பே ‘நான் எப்போதும் இருக்க மாட்டேன்’ என்று சொல்லிவிடுகிறது. ஆகவே இரண்டையும் வைப்பதில் தப்பில்லை என்பது என் முடிவு. இதை ஏற்காமல், நீர்ப்பரப்பு மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. அவர்கள் வரைந்ததும் பிழையல்ல, தகவல் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. ஆனால் வற்றும் என்ற சீட்டு இல்லாத நீர்ப்பரப்பின் மேல் மணலைப் போட்டால் அது மோதல்தான். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

காட்டுக்குள் ஓடும் ஓடையை எடுங்கள். மரக்கிளைகள் மேலே கூடாரம் போட்டிருக்கின்றன, கீழே நீர். உயரம் வேறு. ஓடைக்கோடு போகும் வழியெல்லாம் காட்டுப் பரப்பை வெட்ட வேண்டியதில்லை. அகலமான ஆறு என்றால் கதை வேறு. நடுவில் வானம் தெரிகிறது, மரம் இல்லை. அங்கே காட்டின் எல்லையைக் கரையோடு நிறுத்திவிட வேண்டும்.

காப்புக்காடு, சரணாலயம் போன்ற எல்லைகள் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. இந்த நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்ற கேள்வி அது. இங்கே என்ன முளைத்திருக்கிறது என்ற கேள்வியோடு அது மோதவே மோதாது. ஆறு, மணல், புதர் எல்லாவற்றின் மேலும் தாராளமாகப் போகலாம்.

உண்மையான மோதல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: முதலில் ஒருவர் மலைச்சரிவு முழுவதையும் ஒரே புதர்ப் பரப்பாக வளைத்துவிட்டார். பிறகு இன்னொருவர் அதற்குள் வெறும் பாறையாக இருக்கும் பகுதியைத் தனியாக வரைந்தார். இப்போது அந்தப் பாறை, பாறையாகவும் புதராகவும் பதிவாகியிருக்கிறது. படத்தில் சரியாகத்தான் தெரியும். ஏனென்றால் வழக்கமான படம் பெரிய பரப்பை முதலில் தீட்டி, சின்னதை அதன் மேல் தீட்டும். ஆனால் அந்தத் தரவை வைத்து ஒருவர் புதர்க்காட்டின் பரப்பளவைக் கணக்கிட்டால் தப்பான விடை வரும். பாறைக்கு இடம் விட்டு, புதரில் ஓட்டை போடுவதே இதற்குத் தீர்வு.

படம் அழகாகத் தெரியவில்லை என்பதற்காக ‘லேயர்’ என்ற குறிச்சொல்லை ஏற்றி இறக்கி விளையாடுவதும் நடக்கிறது. லேயர் என்பது பாலமும் அதன் கீழ்ப் பாதையும் போல, உண்மையில் மேலே கீழே இருப்பவற்றுக்கானது. தரையோடு தரையாகக் கிடக்கும் மணலுக்கும் புதருக்கும் அதில் வேலை இல்லை. படத்துக்காகப் பதியாதீர்கள் என்று பழைய ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

ஆக, மேற்படிதல் எல்லாம் பிழையல்ல. நேரம், உயரம், கேள்வி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பிழை. வரையும் மென்பொருள் எச்சரிக்கை காட்டினால், ‘அழி’ என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், ‘ஒருமுறை பார்’ என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படுகையைக் கிட்டத்தில் பார்ப்போம்

கொள்கை போதும். திரையில் ஒரு மணற்படுகை விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிறிய பட்டை ஒன்று, வளைந்து வளைந்து போகிறது. இது ஆறா, வெறும் மணல்வெளியா?

நான் முதலில் பார்ப்பது மணலின் மேல் உள்ள கோடுகளை. நீர் போன இடத்தில் மணல் நீளவாக்கில் சீவினதுபோல் இருக்கும், அடர்ந்த வெளிறிய இழைகள் எல்லாம் ஒரே திசையில் போகும். காற்று குவித்த மணலில் அலைகள் குறுக்காக, ஒரே இடைவெளியில் நிற்கும். அடுத்து, டயர் தடம். படுகைக்குள் வண்டி போன தடங்கள் திடீரென்று ஓர் இடத்தில் அறுந்துபோய், அப்பால் தொடர்ந்தால், நடுவில் நீர் வந்து அழித்திருக்கலாம். அடுத்து, செடிகள். கரையோரம் பெரிய மரங்கள் இரண்டு வரிசையாக நின்று, நடுவில் எல்லாம் சின்னச் சின்னப் புதர்களாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால், கடைசி வெள்ளம் நடுப்பகுதியைத் துடைத்துவிட்டுப் போன பிறகு எல்லாம் ஒன்றாக முளைத்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. புதரின் கிளைகளில் சருகும் வேரும் கந்தலும் சிக்கி, எல்லாம் ஒரே பக்கமாக வாரி விட்டதுபோல் சாய்ந்திருக்கும். வந்த நீரின் உயரம், போன திசை இரண்டையும் அந்தக் கந்தல் காட்டிவிடும்.

படத்தில் ஒரு பொறி இருக்கிறது. செயற்கைக்கோள் படம் ஏதோ ஒரு நாளில் எடுத்தது. நல்ல படம் வேண்டும் என்பதால் மேகம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மேகம் இல்லாத நாள் என்றால் பெரும்பாலும் மழை இல்லாத பருவம். ஆகவே வற்றும் ஆறுகள் இந்தப் படங்களில் உள்ளதைவிட அதிகமாகக் காய்ந்தே தெரியும். ஒரே படத்தை நம்பி ‘இங்கே ஆறு இல்லை’ என்று முடிவுகட்டுவது, ஓர் இரவில் போய்ப் பார்த்துவிட்டு ‘இந்தப் பள்ளியில் மாணவர்களே இல்லை’ என்று சொல்வதற்குச் சமம்.

இதற்கு மருந்து பல நாட்களின் படங்களைப் பார்ப்பது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து பூமியைப் படம் எடுத்து வருகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் இணை ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு முறை வரும். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். கரையைத் துல்லியமாக வரைய அது போதாது, ஆனால் எந்த மாதத்தில் நீர் இருந்தது என்று பார்க்கத் தாராளமாகப் போதும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984-லிருந்து வந்த லேண்ட்சாட் படங்களை வைத்து, உலகில் எங்கெல்லாம் எவ்வளவு காலம் மேற்பரப்பு நீர் இருந்தது என்று ஒரு வரைபடமே செய்திருக்கிறது. வற்றுமா வற்றாதா என்ற சந்தேகத்துக்கு நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். ஆனால் கூகுள் மேப்ஸைப் பார்த்து வரையவே கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அதை அனுமதிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த இடத்தில் இருப்பவர் சொல். உங்கள் திரையில் தெரிவதும் அவர் சொல்வதும் வேறாக இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள்.

காய்ந்த தடத்தின் மேல் போகும் பாதை

வற்றும் ஆறுகளில் பாதைகளும் உண்டு. சாலை பாலம் இல்லாமல் படுகையில் இறங்கி ஏறினால், கோடுகள் வெட்டும் இடத்தில் ‘ஃபோர்டு=யெஸ்’ என்று குறிக்க வேண்டும். காலால் அல்லது வண்டியால் கடக்கும் துறை என்று பொருள். வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கும் சாலைக்கு ‘ஃப்ளட்_ப்ரோன்=யெஸ்’ என்ற சீட்டு இருக்கிறது. இந்தச் சின்னச் சீட்டுகளைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். வழிகாட்டும் செயலிக்கு அந்த இடம் சாதாரணச் சாலை போலத்தான் தெரியும். காட்டாற்றில் மேலே எங்கோ மழை பெய்து, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே நீர் வந்து சேரும். அது தெரியாத ஒருவர் இருட்டில் வண்டியோடு இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் காய்ந்த ஆற்றை வரைபடத்திலிருந்து அழிப்பதைக் கண்டால் எனக்கு மனது பதறுகிறது. வெள்ளம் எங்கே பாயும் என்று கணக்கிடுபவர்கள், கிணறு தோண்ட இடம் பார்ப்பவர்கள், பாலம் எங்கே வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் எல்லாரும் இந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறார்கள். கோடு இல்லாத இடம் அவர்களுக்கு வெறும் நிலம். வெறும் நிலத்தில் வீடு கட்டுவார்கள்.

அப்படியானால் தண்ணீர் திரும்பி வரவே வராத ஆற்றை என்ன செய்வது? படுகை மேல் கட்டடம் எழும்பி, மேடு தட்டி, தடமே அடையாளம் தெரியாமல் போயிருந்தால் கோட்டை எடுத்துவிடலாம். தரையில் இல்லாதது வரைபடத்திலும் இல்லை. ஆனால் கரையும் பள்ளமும் நிற்கிறதா? அப்படியானால் கோட்டை விட்டுவையுங்கள், வற்றும் என்ற சீட்டோடு. சந்தேகம் இருந்தால், பார்த்த நாளையும் பார்த்ததையும், மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வருபவருக்கு அது பெரிய உதவி.

அமெரிக்காவில் ஓடும் கொலராடோ ஆறு கடைசியில் மெக்சிகோவுக்குள் நுழைந்து கலிபோர்னியா வளைகுடாவில் சேர வேண்டும். வழியிலேயே அணைகளும் கால்வாய்களும் நீரை எடுத்துக்கொள்வதால், பல பத்தாண்டுகளாக அதன் கடைசிப் பகுதி பெரும்பாலும் வறண்டே கிடந்தது. பிறகு இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்து, 2014 மார்ச்சில் எல்லையில் இருக்கும் மொரேலோஸ் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டன. சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்ற ஊரில், தங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க மக்கள் படுகையில் இறங்கி நின்றார்கள். மணல் குடித்தது போக மீதி நீர் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. மே மாதம் கடலின் அலைநீரைத் தொட்டது.